கூத்துக் களரிக்கு ஒரு புது ரெக்கார்டர்: எது மாறியது, எது மாறவில்லை

செய்யாறு, வந்தவாசி பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழா வந்துவிட்டால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. பத்து மணிக்கு மேல் களரி கட்டினால், அதாவது ஆடுகளத்தில் கூத்தைத் தொடங்கினால், விடிகிற வரை ஓடும். அதைப் பதிவு செய்கிற நாங்கள் இரண்டே பேர், நானும் ஒரு நண்பரும். இருவருக்கும் வேறு பிழைப்பு உண்டு, இது கைக்காசு போட்டுச் செய்வது. பல வருடமாக ஒரு கையடக்க ரெக்கார்டரை வைத்தே காலத்தை ஓட்டினோம், தலையில் இரண்டு குட்டி மைக் குறுக்காக இருக்குமே, அந்த வகை. அதிலிருந்து ஜூம் எஃப்3 என்ற புது ரெக்கார்டருக்கு மாறியதில் உண்மையில் என்ன கிடைத்தது, எதெல்லாம் ரெக்கார்டரால் வந்தது, எதற்கெல்லாம் ரெக்கார்டருக்குச் சம்பந்தமே இல்லை என்று பிரித்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். "புதுசு வாங்கினேன், சூப்பரா இருக்கு" வகை மதிப்புரைகள் வேண்டிய மட்டும் கிடைக்கின்றன, அவற்றை வைத்து யாரும் ஒரு முடிவுக்கு வர முடியாது.

பழையதில் என்ன குறை

கடையில் விலை கேட்பதற்கு முன்னால் பழைய பதிவுகளை உட்கார்ந்து கேட்டு, குறைகளைத் தனித்தனியாகப் பிரித்தோம். மூன்று வந்தன.

ஒன்று, "உஸ்" என்ற இரைச்சல். வேடிக்கை என்னவென்றால் இது கூத்துப் பதிவில் கேட்கவே கேட்காது. பகலில் வீடுகளில் எடுக்கிற ஒப்பாரி, தாலாட்டு, கதை இவற்றில்தான் கேட்கும். வயதான அம்மா ஒருவர் திண்ணையில் சாய்ந்துகொண்டு மெல்லிய குரலில் பாடுகிறார், கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, மேலே ஏற்றுகிறோம், குரலோடு இரைச்சலும் சேர்ந்து ஏறுகிறது.

இரண்டாவது, சத்தம் கிழிவது. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் முன்வரிசைப் பையன்களிடம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருப்பான், அடுத்த கணமே திரையை விலக்கிக்கொண்டு துரியோதனன் வருவான். மிருதங்கம், டோலக், கைத்தாளம், முகவீணை எல்லாம் ஒன்றாக எழும், காலில் கட்டிய சலங்கை வேறு. முணுமுணுப்புக்கு ஏற்ற மாதிரி கெயின் வைத்திருந்தால் திரைவருகை முழுக்கக் கிழிந்துபோகும்.

மூன்றாவது, ஆள். கிழியாமல் இருக்க ஒருவர் ராத்திரி முழுக்க ரெக்கார்டர் பக்கத்தில் உட்கார்ந்து மீட்டரையே பார்த்துக்கொண்டு கெயினைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆட்டோ லெவலில் போட்டுவிட்டு எழுந்து போகலாம்தான், ஆனால் ஒவ்வொரு மிருதங்க அடிக்கும் பாட்டு உள்ளே அமுங்கி மறுபடி மேலே எழும்பும், அதைப் பிறகு எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது. கையால் கெயினை ஏற்றி இறக்கிய பதிவும் அப்படி ஒன்றும் நன்றாக இருக்காது. எங்கே ஏற்றினோம், எங்கே இறக்கினோம் என்பது கேட்பவருக்குப் பட்டவர்த்தனமாகத் தெரியும்.

முதலில் மைக்

மூன்று குறைக்கும் ஒரே மருந்து புது ரெக்கார்டர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எங்களுக்கு அதில் சந்தேகம் இருந்தது. அதனால் மைக்கை மட்டும் முதலில் வாங்கி, பழைய ரெக்கார்டரிலேயே செருகிப் பார்த்தோம். அதில் வெளி மைக் செருகும் எக்ஸ்எல்ஆர் உள்ளீடும், மைக்குக்கு ஒயர் வழியாகவே மின்சாரம் கொடுக்கும் 48 வோல்ட் பாண்டம் பவரும் இருந்ததால் இந்தச் சோதனைக்கு வழி இருந்தது.

அதுவரை வெளி மைக் என்று எங்களிடம் இருந்தது ஷூர் எஸ்எம்58, மேடையில் பாடுகிறவர் வாயருகே பிடிப்பதற்கென்றே செய்த டைனமிக் மைக். 94 டெசிபல் சத்தத்துக்கு அது கொடுப்பது ஏறக்குறைய 1.88 மில்லிவோல்ட். வாங்கியது ரோட் என்டி5 ஜோடி, அதே சத்தத்துக்கு 12 மில்லிவோல்ட் கொடுக்கும். கணக்குப் போட்டால் 16 டெசிபல் வித்தியாசம். அதாவது ரெக்கார்டரைத் தொடாமலேயே, குரல் அதன் உள்ளிரைச்சலுக்கு மேலே 16 டெசிபல் எழுந்து நிற்கிறது. திண்ணைப் பதிவில் இதைக் கேட்டபோது எங்களுக்கே சிரிப்பு வந்தது. முதல் குறையில் பெரும்பங்கு அங்கேயே தீர்ந்துவிட்டது, புது ரெக்கார்டர் இன்னும் வாங்கவே இல்லை!

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பணம் வீணாகப் போவது பெரும்பாலும் இங்கேதான். எஃப்3-இன் பிரீஆம்ப், அதாவது மைக் ஒலியை முதலில் பெருக்கும் பகுதி, தரும் இரைச்சல் மைனஸ் 127 டிபியூ (மின்னழுத்தத்தை டெசிபலில் சொல்லும் அலகு) என்று தயாரிப்பாளர் தருகிறார். மைக்கின் உணர்திறனோடு சேர்த்து இதை டெசிபல் சத்தமாக மாற்றிப் பார்க்கலாம். எஸ்எம்58 போட்டால் அந்த இரைச்சல் சுமார் 19 டெசிபல் சத்தத்துக்குச் சமம். என்டி5 போட்டால் 3 டெசிபல்தான். ஆனால் என்டி5-க்கே சொந்த இரைச்சல் 16 டெசிபல் உண்டு. 3-ஐயும் 16-ஐயும் சேர்த்தால் கிட்டத்தட்ட 16தான் வரும், டெசிபல் கணக்கு அப்படி. இதற்கு மேல் எவ்வளவு விலை கொடுத்து எவ்வளவு சுத்தமான பிரீஆம்ப் வாங்கினாலும் அந்த மைக்கை வைத்து அதற்குக் கீழே இறங்க முடியாது. இறங்க வேண்டுமானால் 5 டெசிபலுக்குள் சொந்த இரைச்சல் உள்ள ரோட் என்டி1 மாதிரி பெரிய டயஃப்ரம் மைக்குக்குப் போக வேண்டும். காட்டுக்குள் விடியற்காலைப் பறவை எடுப்பவர்களுக்கு அது தேவைப்படும். எங்களுக்குத் தேவையில்லை, ஃபேனை நிறுத்தி, ஃப்ரிட்ஜை நிறுத்தி, எதிர்வீட்டு டிவியைக் குறைக்கச் சொன்னாலும் ஒரு கிராமத்து வீட்டில் 30 டெசிபலுக்குக் கீழே போவது அபூர்வம்.

எது வாங்குவது

மைக் வந்தபின் மிச்சம் இருந்தது கிழிசலும் ஆளும். இரண்டுக்கும் மருந்து 32 பிட் ஃப்ளோட், அதாவது மெல்லிய சத்தத்தையும் பெரிய சத்தத்தையும் கெயினைத் தொடாமலே ஒரே கோப்பில் எழுதும் முறை, என்று முடிவானது. பார்த்தவை மூன்று: சவுண்ட் டிவைசஸ் மிக்ஸ்பிரீ-3 இரண்டாம் வரிசை, ஜூம் எஃப்6, ஜூம் எஃப்3. முதல் இரண்டும் 2019-இல் வந்தவை, எஃப்3 2022-இல் வந்தது.

மிக்ஸ்பிரீயைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஆசை வரும். அலுமினிய உடம்பு, முன்னால் மூன்று திருகு, மூன்று எக்ஸ்எல்ஆர் உள்ளீடு, களத்திலேயே கலந்து வெளியே அனுப்பும் வசதி. அதன் இரைச்சல் மைனஸ் 130 என்று போட்டிருப்பார்கள், எஃப்3-இல் மைனஸ் 127. மூன்று டெசிபல் நல்லது என்று தோன்றும். ஆனால் முதலாவது டிபிவி, இரண்டாவது டிபியூ. இந்த இரண்டு அலகுக்கும் நடுவே 2.2 டெசிபல் இடைவெளி இருப்பதால் உண்மையான வித்தியாசம் ஒரு டெசிபலைக்கூடத் தொடாது. விலை வித்தியாசம் மட்டும் தாராளம். அந்த அதிகப் பணம் திருகுகளுக்கும் மிக்ஸிங்குக்கும் உறுதிக்கும் போகிறது, அவை வேண்டியவர்களுக்கு அது நியாயமான விலைதான். படப்பிடிப்பில் வேலை செய்கிற நண்பர் ஒருவர் அதைத்தான் வைத்திருக்கிறார், அவருக்கு அது இல்லாமல் ஆகாது.

எஃப்6-இல் ஆறு உள்ளீடு. ஆர்மோனியத்துக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு ஒன்று, முகவீணைக்கு ஒன்று என்று தனித்தனியாக வைக்கலாமே என்று நண்பர் கேட்டார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கூத்து ஒரே இடத்தில் நின்று பாடுகிற கச்சேரி கிடையாது. வேஷக்காரர் சுற்றிச் சுற்றி ஆடுகிறார், பின்பாட்டுக்காரர்கள் பின்னாலிருந்து வாங்கிப் பாடுகிறார்கள், கூட்டம் நடுவில் பேசுகிறது, அந்த இடைவெளியெல்லாம் சேர்ந்ததுதான் கூத்து. அதற்கு ஒழுங்காக வைத்த ஒரு ஜோடி மைக் போதும். ஆறு மைக், ஆறு ஒயர், ஆறு ஸ்டாண்ட் என்று களரிக்குள் இறங்கினால் ஆடுகிறவர் காலில் மாட்டும், அதைவிட முக்கியமாகக் கூத்துக் குழுவை நடத்தும் வாத்தியார் முகம் சுளிப்பார்.

ஆக எஃப்3. இரண்டு உள்ளீடு, உள்ளே மைக் கிடையாது, கெயின் திருகும் கிடையாது, கால் கிலோவுக்குக் கீழே எடை. கெயின் திருகு இல்லாத ரெக்கார்டரா என்று முதலில் எல்லோரும் கேட்பார்கள். உள்ளே ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் ஒலியை எண்ணாக்கும் மாற்றிகள் இரண்டு இருக்கின்றன, ஒன்று ரகசியம் கேட்கக் காதை நீட்டிக்கொண்டிருக்கும் ஆள் மாதிரி, மற்றது வெடிச் சத்தத்துக்காகக் காதைப் பொத்திக்கொண்டு கேட்கும் ஆள் மாதிரி. இரண்டும் எழுதியதைச் சேர்த்து ஒரே கோப்பாக்குகிறது. ஃப்ளோட் எண்ணில் எழுதுவதால் பூஜ்ஜியம் டெசிபலைத் தாண்டிய சத்தமும் கோப்புக்குள் அப்படியே பத்திரமாக இருக்கும். கணினியில் திறக்கும்போது அலை மேலே முட்டித் தட்டையாகத் தெரியும், லெவலைக் கீழே இறக்கினால் உச்சிகள் முழுசாகத் திரும்பி வரும்.

"இதில் கிழியவே கிழியாது" என்று விற்பவர்கள் சொல்வார்கள். கிழியும். மைக் உள்ளீட்டில் எஃப்3 தாங்குவது பிளஸ் 4 டிபியூ, அதாவது ஏறக்குறைய 1.23 வோல்ட் வரைதான். என்டி5 அந்த வோல்டேஜைக் கொடுக்க மைக் முன்னால் 134 டெசிபல் சத்தம் வேண்டும். கூத்தில் அந்த அளவு வராது, ஆனால் கோயில் வாசலில் அதிர்வேட்டு போடும்போது மைக்கைப் பக்கத்தில் நிறுத்தினால் தாராளமாக வரும். உள்ளீட்டிலேயே கிழிந்ததை எந்த ஃப்ளோட்டும் காப்பாற்றாது. மைக்செட் குழாய் ஸ்பீக்கரிலேயே கிழிந்து வரும் குரலுக்கும் அதே கதைதான், ரெக்கார்டர் அதை வெகு நேர்மையாக, கிழிந்தபடியே பதிவு செய்து கொடுக்கும்.

அர்ச்சுனன் தபசு இரவு

புது ரெக்கார்டரை வைத்துச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான கூத்து கிடையாது. ராத்திரி முழுக்கத் தரையில் நடப்பது, விடியற்காலையில் அர்ச்சுனன் வேஷக்காரர் தபசு மரத்தில் ஏறுவதில் போய் முடியும். உயரமாக நட்ட மரம், படிப்படியாகப் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் கீழே விழும்போது கூட்டம் "கோவிந்தா" என்று ஒரே குரலில் எழும். ஏற ஏறக் குரல் மைக்கை விட்டுத் தள்ளிப்போகும், கூட்டமோ மைக்கின் காலடியில் நிற்கும். பழைய ரெக்கார்டர் காலத்தில் குரலுக்காகக் கெயினை ஏற்றிக்கொண்டே போவோம், கோவிந்தா வந்ததும் எல்லாம் கிழியும்.

மைக் ஜோடியை 17 சென்டிமீட்டர் இடைவெளி, 110 டிகிரி கோணம் என்ற ஓஆர்டிஎஃப் முறையில் வைத்தோம். உயரமான ஸ்டாண்ட், களரியின் முன் ஓரம், லேசாகக் கீழே பார்த்தபடி, மேலே காற்றிரைச்சலைத் தடுக்கும் ரோமக் கவசம். எங்களுக்கு எப்போதும் தலைவலி கொடுப்பது ஊரைப் பார்த்துக் கட்டிய குழாய்தான். என்டி5 மாதிரி முன்பக்கத்தை நன்றாகக் கேட்கும் கார்டியாய்ட் மைக்குக்கு முதுகுப்பக்கம் காது கேட்காது, அதனால் முதுகைக் குழாய்க்குக் காட்டி வை என்பார்கள். ஆனால் ஓஆர்டிஎஃப்-இல் ஒவ்வொரு மைக்கும் பக்கத்துக்கு 55 டிகிரி திரும்பியிருப்பதால் இரண்டின் முதுகும் நேர் பின்னால் இல்லை, குறுக்காகப் பின்னால் இருக்கிறது. குழாய் நேர் பின்னால் இருந்தால் இரண்டு மைக்குமே அதைக் கொஞ்சம் கேட்கும். ஸ்டாண்டை ஒரு பக்கமாக நகர்த்தி, குழாய் குறுக்கே விழுகிற மாதிரி வைத்தால் ஒரு மைக்காவது தப்பிக்கும். அப்படியும் முழுசாகப் போகாது. 30 மீட்டர் தள்ளிக் குழாய் இருந்தால் அதன் ஒலி வந்து சேர ஏறக்குறைய 90 மில்லி விநாடி ஆகும், பாடுகிறவர் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல் தொடர்வது மாதிரிக் கேட்கும். பல பேர் இதை ரெக்கார்டர் கோளாறு என்று நினைத்து ரெக்கார்டரை மாற்றுகிறார்கள்.

மைக்செட்காரர் எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, "எதுக்கு சார் குச்சி நட்டுக்கிட்டு, என் ஆம்ப்ளிஃபயர்ல லைன் எடுத்துக்குங்க, சுத்தமா வரும்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மேடை மைக்கில் வசனம் தெளிவாக விழும், கூட்டச் சத்தம் குறைவு. அதனால் பழைய ரெக்கார்டரை அங்கே வைத்தோம், நடுவில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் போட்டு, இல்லாவிட்டால் ஜெனரேட்டரின் 50 ஹெர்ட்ஸ் ஹம் அப்படியே வந்துவிடும். ஒரு விஷயம், ஆம்ப்ளிஃபயரில் லைன் அவுட் என்று போட்டிருக்கும் துளையிலிருந்துதான் எடுக்க வேண்டும். குழாய்க்குப் போகிற ஒயரில் ரெக்கார்டரைச் செருகினால் அத்தோடு அந்த ரெக்கார்டரை மறந்துவிடலாம்.

கரெண்டுக்கு 10,000 எம்ஏஎச் பவர் பேங்க். பாண்டம் பவரை இரண்டு பக்கமும் போட்டுவிட்டு உள்ளே இருக்கும் இரண்டு ஏஏ பேட்டரியை நம்பி ராத்திரியைக் கழிக்க முடியாது. பவர் பேங்க் விடிந்தபோதும் மிச்சம் வைத்திருந்தது.

நாங்கள் ரெக்கார்ட் பொத்தானை அழுத்தி, ஊர், தேதி, ஜமா (கூத்துக் குழு), கூத்தின் பெயர் எல்லாம் மைக்கில் சொல்லி, பொத்தான்களைப் பூட்டும் ஹோல்டு போட்டுவிட்டுக் கூத்துப் பார்த்தோம். இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இத்தனை வருடத்தில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கூத்தை ஆரம்பத்திலிருந்து பார்த்ததில்லை. ஒருவர் எப்போதும் மீட்டரோடு இருப்பார். எந்தப் பாட்டு எங்கே தொடங்கியது, எந்த விருத்தத்தை வாத்தியார் இந்த முறை விட்டுவிட்டார், யார் எந்த வேஷம் என்று நோட்டில் எழுதும் வேலைக்கு இப்போது ஒரு ஆள் கிடைத்துவிட்டார். அந்த நோட்டு இல்லாத எட்டு மணி நேரக் கோப்பில் எதையும் தேடி எடுக்க முடியாது. கொடுத்த காசுக்கு வந்த பெரிய பலன் இதுதான், ஒலித்தரம் அதற்கு அடுத்தபடிதான்.

கணினியில்

விடியற்காலைப் பகுதியைத் திறந்தபோது கோவிந்தா வந்த இடத்தில் அலை மேலே முட்டி நின்றது. லெவலை இறக்கினோம், ஒரு சின்னக் கிழிசல்கூட இல்லை. மரத்து உச்சிக் குரலைத் தனியாக ஏற்றிக் கேட்டால் குரல் தூரத்தில்தான் இருக்கிறது, அதை எந்த ரெக்கார்டரும் பக்கத்தில் கொண்டுவராது, ஆனால் சொற்கள் பிரிந்து கேட்கின்றன.

நேர்மையாகச் சொன்னால் இதே ராத்திரியை நல்ல 24 பிட் ரெக்கார்டர் ஒன்றும் பதிந்திருக்கும். சத்தத்தின் உச்சியை மைனஸ் 20 டெசிபலுக்குக் கீழே வைத்து, பயப்படாமல் விட்டிருந்தால் போதும். திருவிழா ராத்திரியில் ஜெனரேட்டர், கூட்டம், சுண்டல் வண்டி எல்லாம் சேர்ந்து கீழ்மட்டச் சத்தமே 45, 50 டெசிபல் இருக்கும், அதற்கும் உச்சிக்கும் நடுவே உள்ள தூரம் நல்ல 24 பிட் மாற்றிக்கு ஒரு பொருட்டே இல்லை. 32 பிட் ஃப்ளோட் உண்மையில் காப்பாற்றுவது கெயினைத் தவறாக வைக்கும் வாய்ப்பிலிருந்து. மாலையில் ஆர்மோனியக்காரர் சும்மா தட்டிக் காட்டும் சத்தத்தை வைத்து விடியற்காலைக் கோவிந்தாவைக் கணிக்க வேண்டியிருக்கும் வேலையில் அது பெரிய உதவி. ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஒருவர் குரலை எடுப்பவருக்கு அவ்வளவாக ஒன்றும் இல்லை.

கோப்பு பெரிதாகும். 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் 24 பிட் என்றால் மணிக்கு ஒரு ஜிபிக்குக் கொஞ்சம் மேலே, 32 பிட் ஃப்ளோட் என்றால் 1.4 ஜிபி. ஒரு ராத்திரிக்கு 11 ஜிபி. சாதாரண வேவ் கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது என்பதால் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேலே போனதும் ஒரு வெட்டு விழும், அதைப் பிறகு ஒட்டிக்கொள்ளலாம். கார்டு ஒன்றுதான் என்பதால் தூங்கப் போவதற்கு முன்னால் இரண்டு டிஸ்கில் நகல். சேமித்து வைப்பதற்கு ஒலி ஆவணக் காப்பகங்களின் உலக அமைப்பான ஐயாசா சொல்வது குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். லெவல் சரிசெய்து அந்த வடிவில் ஒன்று, மூலக் கோப்பு அப்படியே ஒன்று என்று வைக்கிறோம்.

இரண்டு ரெக்கார்டர் ஓடியதில் எதிர்பார்த்த ஒரு தொல்லையும் வந்தது. ஒவ்வொன்றுக்கும் அதனதன் கடிகாரம். பத்து லட்சத்துக்கு 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே எட்டு மணி நேரத்தில் அரை விநாடிக்கு மேல் விலகிவிடும். களரி கட்டும்போது ஒன்றாக இருந்த தாளம் விடியும்போது இரண்டாகக் கேட்கும். மொத்தமாக ஒட்டாமல், ஒவ்வொரு திரைவருகைக்கும் புதிதாகத் தாளத்தை வைத்துப் பொருத்தினோம். இதுவே தொழிலாகச் செய்பவர்கள் எல்லா ரெக்கார்டருக்கும் ஒரே நேரக்குறி கொடுக்கும் டைம்கோடு வைத்து முடித்துவிடுவார்கள்.

வாத்தியாருக்குப் பென் டிரைவில் கொடுத்தோம். அடுத்த நாள் போன் வந்தது. "தம்பி, நல்லாதான் இருக்கு, ஆனா போன வருஷம் குடுத்ததுல சத்தம் இதைவிட தூக்கலா இருந்துச்சே?" அவர் கேட்டது செல்போன் ஸ்பீக்கரில். உச்சியெல்லாம் முழுசாக இருக்கிற கோப்பு அப்படித்தான் கேட்கும், சராசரிச் சத்தம் கீழே இருக்கும். ஜமாக்காரர்களுக்குப் பதிவு என்பது அடுத்த ஊரில் கூத்துப் பேசும்போது வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கு. அதனால் நன்றாக அமுக்கிச் சத்தம் ஏற்றிய எம்பி3 ஒன்றையும் இப்போது சேர்த்தே கொடுக்கிறோம்.

தபசு மரத்துக் குரல் மட்டும் இன்னும் பாக்கி. ஜூம் எஃப்2 மாதிரி இடுப்பில் செருகுகிற குட்டி 32 பிட் ரெக்கார்டர்கள் இருக்கின்றன, காலர் மைக்கோடு. வேஷக்காரரிடம் கேட்டோம். அவருக்குச் சம்மதம்தான், ஆனால் மரம் ஏறும்போது வேர்வை ஆறாக ஓடும், உடம்போடு ஒட்டின துணிக்குள் எதை வைத்தாலும் நனையும், மைக் ஒயரை நெஞ்சுப் பதக்கத்துக்கு மேலே விட்டால் மணி உரசும் சத்தம்தான் கேட்கும் என்றார். கிரீடத்துக்குள் வைக்கலாமா என்று பேச்சு வந்தது. அதற்கு வாத்தியாரிடம் உத்தரவு வாங்க வேண்டும், இன்னும் கேட்கவில்லை.